கிடேரி ஊசி

ராமகுப்பத்தில் காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் கேனை இறக்கி வைக்கும் இடம் டீக்கடைதான். ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் வந்து போகிற எல்லையூர். அன்றைக்குப் பேச்சு, கோபாலமித்ரா என்கிற ஊழியர் மாட்டுக்குப் போடும் சினை ஊசி பற்றி.

"கோபாலமித்ரா போடற ஊசியில, கிடேரிக் கன்னு மட்டும் பொறக்கற ஊசி தனியா இருக்காமே. கண்ணுக்கே தெரியாததுல ஆணு பொண்ணு எப்படிப்பா பிரிக்கிறான்?" என்றார் ஒரு பெரியவர்.

மாட்டின் ஒவ்வொரு செல்லிலும் 30 ஜோடி குரோமோசோம், நைனா என்றேன். 29 ஜோடியில் காளைக்கும் பசுவுக்கும் பேதமில்லை. கடைசி ஜோடியில்தான் சங்கதி. பசுவுக்கு இரண்டும் எக்ஸ். காளைக்கு ஒரு எக்ஸ், ஒரு குட்டை ஒய். விந்தணுவுக்குள் போகும்போது ஜோடி பிரிந்து ஒன்றுதான் போகும். எக்ஸ் போனதில் டிஎன்ஏ சுமார் 4 சதவீதம் கூடுதல். சாயம் ஏற்றி, லேசர் ஒளிக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டால் எக்ஸ் உள்ளது ஒரு பொட்டு கூடுதலாக மின்னும். அதை மட்டும் ஒதுக்கி ஸ்ட்ரா என்கிற மெல்லிய குழாயில் உறையவைக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது கிடேரி விழும்.

பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்கு மூன்று பேத்திகள். மருமகளை வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

"மனுஷனுக்கும் இதே கணக்குதானா?"

இதேதான். நமக்கு 23 ஜோடி. 22 ஜோடி பொது. அம்மா கொடுக்கிற கருமுட்டையில் எப்போதும் எக்ஸ். அவளிடம் வேறு சரக்கே கிடையாது. எக்ஸா ஒய்யா என்பது அப்பாவிடமிருந்து எது முந்துகிறது என்பதைப் பொறுத்தது. அதுவும் அவர் கையில் இல்லை, காசு சுண்டுகிற மாதிரிதான். மூன்று முறை சுண்டி மூன்றும் ஒரே பக்கம் விழுவது அபூர்வமா என்ன? மூன்று பிள்ளை பெற்ற எட்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் மூன்றும் பெண்ணாகவே இருக்கும். மாட்டுக்குச் செய்கிற பிரிப்பை மனிதருக்குச் செய்வது குற்றம். வயிற்றில் இருக்கும் கரு ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுத்த 1994 சட்டத்தை 2003இல் திருத்தி, கரு உண்டாவதற்கு முன்பே பாலினம் தேர்ந்தெடுப்பதையும் தடுத்துவிட்டார்கள்.

எனக்கு வியப்பு வேறு. கிடேரி வேண்டும் என்றால் காசு கொடுத்துக் காளையின் ஸ்ட்ராவை மாற்றுகிறோம். காளைக்கன்று போட்டதென்று பசுவை யாரும் வைவதில்லை. விஷயம் தொழுவம்வரை தெரிந்திருக்கிறது, வீட்டுக்குள்தான் வரவில்லை.

ஒய் குட்டைதான், ஆனால் அதில் எஸ்ஆர்ஒய் என்றொரு மரபணு இருக்கிறது. 1990இல் கண்டுபிடித்தார்கள். ஆறாவது, ஏழாவது வாரம்வரை கருவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி உறுப்புதான். இந்த மரபணு விழித்தால் அது விந்தகமாகத் திரும்பும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருந்தும் ஒவ்வொரு செல்லிலும் ஒன்று பெரும்பாலும் சுருண்டு தூங்கும் என்று 1961இல் மேரி லயன் சொன்னார். ஆணுக்கு இருப்பதே ஒரு எக்ஸ். அதில் பழுது இருந்தால் ஈடுகட்ட மாற்று இல்லை. சிவப்பு, பச்சை பிரித்தறியாத நிறக்குருடு ஆண்களிடம் அதிகம் இருப்பது அதனால்தான்.

இதுவரை வாய் திறக்காமல் பன் தின்றுகொண்டிருந்த பட்டுப்பூச்சிக்காரர் அப்போது குறுக்கிட்டார். மல்பெரித் தோட்டம் வைத்திருப்பவர். "எங்க பூச்சிக்கும் அப்படித்தானா?"

இல்லை, அங்கே தலைகீழ். பட்டுப்பூச்சியில் ஆணுக்குத்தான் இரண்டும் ஒன்று; அதை இசட் என்பார்கள். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. முட்டை ஆணா பெண்ணா என்பது தாய்ப்பூச்சி போடுகிற கணக்கு. முட்டை தயாரிக்கும் நிலையங்களில் ஒரு இனத்துப் பெண்ணையும் இன்னொரு இனத்து ஆணையும் சேர்க்க வேண்டும் என்பதால், பூச்சி வெளிவருமுன்பே கூட்டை அறுத்துப் பிரித்துவிடுவார்கள். கூட்டுப்புழுவை மல்லாக்கப் பிடித்து வால்பக்கம் பார்த்தால் போதும். பெண்ணுக்கு எட்டாவது கணுவில் பெருக்கல் குறி மாதிரி மெல்லிய கோடு, ஆணுக்கு ஒன்பதாவதில் ஒரு புள்ளி. அந்தப் பெருக்கல் குறிக்கும் எக்ஸ் குரோமோசோமுக்கும் சம்பந்தம் இல்லை; பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

"கோழிக்கு?" என்றார் டீ மாஸ்டர்.

கோழியும் பூச்சி கட்சிதான். சேவல் பேரில் குற்றமில்லை.

பெரியவர் எழுந்து கேனை எடுத்துக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பினார். "ஏம்பா, எங்க வீட்டுக் கெழவி கேட்டா மாட்டுக் கதைய மட்டும் சொல்லு. பூச்சி, கோழியெல்லாம் எடுக்காத. அதையே பிடிச்சுக்குவா."