பழைய வானும் பயண வீடும்

வீடு ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. வண்டி ஓரிடம் விட்டு ஓரிடம் ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு நெடுநாளாக உண்டு. செல்வம் படைத்தோர் அந்த ஆசையைப் பணங்கொடுத்து நிறைவேற்றிக்கொள்வர். வரவுக்குள் செலவை அடக்கி வாழும் குடும்பத்தினர் என் செய்வது? பழைய வான் ஒன்றை உண்ணவும் உறங்கவும் ஏற்ற பயண வீடாகச் சிறு செலவில் மாற்றுவது எங்ஙனம் என்பதையே இன்று நேயர்களுக்கு எடுத்துக்கூற விரும்புகிறேன்.

இம்முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. 1885ஆம் ஆண்டில், பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராகப் பணியாற்றிய கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், ‘வாண்டரர்’ என்று பெயரிட்ட வண்டி ஒன்றைச் செய்வித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்து வரை உல்லாசப் பயணம் மேற்கொண்டார். மரவேலைப்பாடு மிக்க அவ்வண்டி ஏறக்குறைய இரண்டு தொன் எடையுடையது. அதை இழுத்தவை இரண்டு குதிரைகள். மேட்டு நிலங்களில் அவை பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1947இல், பென் பொன் என்ற ஒல்லாந்து வணிகர் பெட்டி வடிவிலான வான் ஒன்றின் படத்தைத் தமது குறிப்பேட்டில் வரைந்தார். அதன் பயனாக 1950இல் ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் தொழிற்சாலையில் அத்தகைய வான்கள் உற்பத்தியாகத் தொடங்கின. சிறிது காலத்துள் வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் அந்த வானுக்கென்றே ‘முகாம் பெட்டி’ என்ற தளபாடத் தொகுதியை ஆக்கி விற்றது. அதன் சிறப்பு யாதெனில், வேண்டும்போது பொருத்தி, வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்பதே. வார நாள்களில் சரக்கேற்றி உழைக்கும் வான், விடுமுறை நாளில் வீடாகிவிடும். எடையைக் குறைக்கவேண்டும் என்பது ஸ்டேபிள்ஸின் வண்டி கற்பிக்கும் பாடம். கழற்றக்கூடியதாகச் செய்யவேண்டும் என்பது ஜேர்மன் பெட்டி கற்பிக்கும் பாடம். சிறு முதலுடையோர் இவ்விரண்டையும் மறத்தலாகாது.

முதற்கண், பணத்தைப் பங்கிடும் முறையைக் கவனிப்போம். மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் முதலிற் செலவிட்டுவிட்டு, ரயருக்குக் கடன் வாங்குவது அறிவுடைமையன்று. கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக்கினால், ஐந்து பங்கை இயந்திரம், தடுப்பு, ரயர், உடற்பகுதி ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம். இரண்டு பங்கை எதிர்பாராத செலவுக்காகத் தொடாது வைக்கவேண்டும். எஞ்சிய மூன்று பங்கே உள்ளலங்காரத்துக்கு உரியது.

உடற்பகுதியின் பெரும்பகைவன் கறள். தரைவிரிப்பை முற்றாக உயர்த்திப் பாருங்கள். கதவின் கீழ்விளிம்பு, சக்கரத்தின் மேல்வளைவு, முன்கண்ணாடியைச் சூழ்ந்த சட்டம், கூரையின் நீரோடும் விளிம்பு ஆகிய இடங்களைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தால், நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகரம் மந்தமாக ஒலிக்கும். ஒட்டவேண்டியவற்றை ஒட்டி, கறள் தடுக்கும் பூச்சைப் பூசிய பின்னரே பலகை அறைதல் வேண்டும். பலகையும் நுரைத்தகடும் பொருத்தியபின் உருக்கியொட்ட நேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

அடுத்தது அமைப்பு. வானின் உள்ளளவை அளந்து, வீட்டு முற்றத்தில் வெண்கட்டியால் அதே அளவிற் கோடு கீறுங்கள். அதற்குள் பாயை விரித்துப் படுத்தும், நீர்க்குடத்தை வைத்தும், பிள்ளைகளை இருத்தியும் பார்த்தால், எது பொருந்தும், எது பொருந்தாது என்பது செலவின்றியே விளங்கிவிடும். இருவர் படுக்க ஏறத்தாழ 190 சென்ரிமீற்றர் நீளமும் 120 சென்ரிமீற்றர் அகலமும் வேண்டும். கட்டிலைத் தரையிலிருந்து 40 சென்ரிமீற்றர் உயர்த்தினால், பகலில் அது ஆசனமாகும். அதன் கீழ் பெட்டிகளை வைக்கலாம்.

எடையைப் பற்றிக் கணக்கறிந்து நடக்கவேண்டும். எட்டடி நீளமும் நாலடி அகலமும் 12 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒட்டுப்பலகை ஒன்று ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறுக்கும். அத்தகைய பத்துப் பலகைகளைப் பொருத்தினால், வளர்ந்தவர் மூவரை எப்பொழுதும் ஏற்றிக்கொண்டு திரிவதற்கு ஒப்பாகும். எடை தாங்கும் கட்டிலுக்கு மாத்திரம் தடித்த பலகையைக் கொண்டு, சுவருக்கு அதன் பாதித் தடிப்புள்ளதைப் பயன்படுத்தினால் பணமும் மிஞ்சும், எரிபொருளும் மிஞ்சும். நீர் ஒரு லீற்றருக்கு ஒரு கிலோகிராம். ஆதலால் நீர்க்கலனை இரு அச்சுகளுக்கும் இடையே தாழ்வாக வையுங்கள்.

திடீரென வண்டியை நிறுத்தும்போது, கட்டப்படாத பொருள் யாவும் வண்டி சென்ற வேகத்திலேயே முன்னோக்கிப் பாயும். எனவே தளபாடத்தை வானின் சட்டத்தோடு ஆணிமுடுக்கி இறுக்கவேண்டும். பழைய இருக்கைகள் பூட்டப்பட்டிருந்த துளைகளையே இதற்குப் பயன்படுத்தினால், கழற்றுவதும் எளிது. வீட்டிற் செய்த வாங்கில் எவரையும் இருத்தி ஓட்டலாகாது. பட்டி பொருத்திய உரிய இருக்கையிலேயே பிள்ளைகளும் பயணஞ் செய்யவேண்டும்.

இனிக் காற்றும் ஈரமும். உறங்கும் ஒருவர் ஓரிரவில் கால் லீற்றர் முதல் அரை லீற்றர் வரை நீரை ஆவியாக வெளிவிடுகிறார். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடத்தில் அவ்வாவி தகரத்திற் படிந்து துளியாகிப் பலகைக்குப் பின்னே இறங்கும். கறளுக்கு அதுவே விதை. தாழ்ந்த இடத்தில் ஒரு துவாரமும் கூரையருகே ஒரு துவாரமும் இருப்பின், வெப்பக்காற்று மேலே சென்று வெளியேற, புதிய காற்று கீழே புகும். இரண்டுக்கும் நுளம்பு வலை இடுதல் அவசியம். நமது சமவெளிகளின் வெப்பத்துக்கு, சுவரினும் கூரைக்கே நுரைத்தகடு முதலில் வேண்டும்.

அடுத்து நான் சொல்வது உயிரைப் பற்றியது. காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு சேர்கிறது. உறங்குகின்றவர் விழிக்காமலே உயிரிழக்கக்கூடும். ஆகவே மூடிய வானுக்குள் கரியடுப்பை எக்காலத்தும் கொண்டுசெல்லலாகாது. இயந்திரத்தை ஓடவிட்டு உறங்கலாகாது. சமையலை வெளியே, படங்குப் பந்தலின் கீழ் வைத்துக்கொள்வதே செலவிலும் குறைந்தது, ஆபத்திலும் குறைந்தது. சமையல் வாயு காற்றிலும் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். ஆதலால் அதன் உருளையை, உட்புறத்தோடு தொடர்பற்றதும், அடியில் வெளிநோக்கித் துளையுடையதுமான பெட்டியில் வைக்கவேண்டும். வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவியொன்றை வாங்குவதற்கு எப்பாடுபட்டேனும் பணம் ஒதுக்குங்கள்.

மின்சாரத்துக்குத் தனிப் பற்றரி ஒன்று போதும். 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி என்று குறித்த ஈய அமிலப் பற்றரியில் 1,200 வாற்று மணி மின்சக்தி அடங்கும். பற்றரி நெடுநாள் உழைக்கவேண்டின், அதிற் பாதியையே செலவிடலாம், அதாவது 600. ஐந்து வாற்று விளக்கு இரண்டு நான்கு மணி நேரம் எரிந்தால் 40, இருபது வாற்று மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 160, தொலைபேசிகளுக்கு 30. ஆக, ஓரிரவுக்கு 230. இரண்டு இரவுகள் கவலையின்றிக் கழியும். பற்றரியின் நேர்முனைக்கு அண்மையில் உருகி ஒன்றைப் பொருத்தத் தவறினால், உராய்ந்த ஒரு கம்பியே வண்டியை எரித்துவிடும்.

வாகனத்தின் அமைப்பை மாற்றுமுன், பதிவுக்குப் பொறுப்பான அதிகாரிகளிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் விசாரித்து, எழுத்தில் அனுமதி பெறுவது நன்று. அறிவிக்காத மாற்றம், விபத்து நேர்ந்தபோது இழப்பீட்டுக்குத் தடையாகலாம்.

இறுதியாக ஒன்று. பலகைகளை நிரந்தரமாக இறுக்குவதற்கு முன், தற்காலிகமாக வைத்துக் கட்டி, ஊருக்கு அண்மையிலேயே குடும்பத்தோடு ஓரிரவு தங்கிப் பாருங்கள். எங்கே தலை இடிக்கிறது, எங்கே காற்று வரவில்லை, எந்தப் பெட்டியை ஒருவரும் திறக்கவேயில்லை என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். திறக்காத பெட்டியை வீட்டில் விட்டுவிடலாம். அதற்குச் செலவாகவிருந்த பணம், கதிர்காமம் வரை செல்வதற்கு எரிபொருளாகட்டும்.