நோயுற்ற கால்நடையும் பராமரிக்கும் கையும்

கால்நடைகளின் நோயை முதலில் கண்டறிவது பெரும்பாலும் நாள்தோறும் தீவனம் வைத்து, குளிப்பாட்டி, பால் கறக்கும் கையே ஆகும். இந்தக் கையின் அக்கறையைச் சட்டமும் கடமையாகவே கொள்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனைப் பேணவும், தேவையற்ற வலியும் துன்பமும் அதற்கு நேராமல் தடுக்கவும் நியாயமான எல்லா முயற்சிகளையும் எடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஆயினும், பரிவோடு நீளும் கை விலங்கின் தோலுக்கு வெளியே நிற்கும்வரை அதனால் விளைவது பெரும்பாலும் நன்மையே. வாய்க்குள்ளும் கருப்பைக்குள்ளும் இரத்தநாளத்துக்குள்ளும் செல்லும்போது விலங்குக்கும் மனிதருக்கும் ஆபத்து தொடங்குகிறது என்பதைக் கால்நடை வளர்ப்போர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

பசுக்கள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் இடங்களான கழுத்தின் அடிப்பகுதியையும் அலைதாடியையும் மெதுவாக வருடினால், அவை கழுத்தை நீட்டிக் காதுகளைத் தாழ்த்தி அமைதியடைவதும், அப்போது அவற்றின் இதயத்துடிப்பு குறைவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. அச்சமடைந்த பசுவின் உடலில் சுரக்கும் அட்ரினலின், பாலை இறக்கும் ஆக்சிடோசின் சுரப்பின் வேலையைத் தடுப்பதால், அடித்து மிரட்டிக் கறக்கப்படும் பசுவின் மடியில் பால் தேங்குகிறது. தேங்கிய பாலில் நோய்க்கிருமிகள் எளிதில் பெருகுகின்றன. எனவே கனிவான கையாளுகை நோய்த்தடுப்பின் ஒரு பகுதியாகவும் அமைகிறது.

தொடுதலால் நோயைக் கண்டறியவும் முடியும். இடது விலாவுக்குப் பின்னுள்ள குழியில் கைமுட்டியை அழுத்தி வைத்தால், நலமான மாட்டின் முதல் வயிறான அசையூண் இரைப்பை இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை அலைபோல் எழுந்து தணிவதை உணரலாம். அந்த அசைவு நின்றிருந்தாலோ, குழி மேடாகி மத்தளம்போல் இறுகியிருந்தாலோ உடனடியாக மருத்துவ உதவி தேவை. கன்று ஈன்ற ஓரிரு நாளில் எழ முடியாமல் படுத்து, கழுத்தை விலாப் பக்கம் மடக்கி வைத்திருக்கும் பசுவின் காதுகள் தொடுவதற்குச் சில்லிட்டிருந்தால், அது இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து திடீரெனக் குறைவதால் வரும் பால் காய்ச்சலாக இருக்கக்கூடும்; பெயரில் காய்ச்சல் இருப்பினும் இந்நோயில் உடற்சூடு தாழ்ந்தே காணப்படும்.

படுத்துவிட்ட மாட்டுக்குக் கையால் செய்யும் பணிவிடை உயிர்காக்கும் தன்மையது. பல நூறு கிலோ எடை ஒரே பக்கத்துத் தொடையின் மீது மணிக்கணக்கில் அழுந்தினால், தசைகளும் நரம்புகளும் நசிந்து, முதலில் வந்த நோய் குணமான பின்னரும் மாடு எழ முடியாமற் போகும் என்பதால், தடிமனான வைக்கோல் படுக்கையிட்டு, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, நெஞ்சு தரையில் படியுமாறு இருபுறமும் வைக்கோல் மூட்டைகளை அண்டக் கொடுத்து, கால்களைத் தேய்த்துவிட வேண்டும். வாலை முறுக்கியும் குச்சியால் குத்தியும் எழுப்ப முயல்வது மருத்துவ நோக்கில் பயனற்றது. சட்ட நோக்கில் வதை.

மடிநோய் குறித்துச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவால் காம்பை நெருக்கிக் கறக்கும் வழக்கம் காம்பின் உட்புறத்தைக் காயப்படுத்துவதால், முழு உள்ளங்கையாலும் பற்றிக் கறக்கும் முறையையே கால்நடை மருத்துவம் பரிந்துரைக்கிறது. முதற்பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியின் மீது விட்டால், திரிதிரியான கட்டிகள் உடனே கண்ணுக்குப் புலப்படும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவப் பணிகளால் பரவலான மேற்பூச்சு ஒன்றில், சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவை அரைத்துச் சேர்க்கப்படுகின்றன. பாலை முழுமையாகக் கறந்து, மடியைக் கழுவித் துடைத்த பின், ஒரு நாளில் பலமுறை இது பூசப்படுகிறது. எனினும் மாடு தீவனம் எடுக்காமல் காய்ச்சலோடு இருந்தாலோ, பால் நீர்த்தோ இரத்தம் கலந்தோ வந்தாலோ, மேற்பூச்சை மட்டும் நம்பியிருப்பது மடியின் அந்தப் பகுதியை நிரந்தரமாக இழக்கச் செய்யும்.

மிகப் பெரிய ஆபத்து மாட்டின் வாயில் இருக்கிறது. வெறிநாய் கடித்த மாடு, வாரங்களோ மாதங்களோ கழித்து, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக, குரல் மாறிக் கத்தியபடி நிற்கும்போது, தொண்டையில் மாங்கொட்டையோ கிழங்கோ சிக்கியிருப்பதாகக் கருதி உரிமையாளர் கையை உள்ளே விட்டுத் துழாவுவது கிராமங்களில் இன்றும் நிகழ்கிறது. அந்த எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருக்கக்கூடும். விரலில் உள்ள சிறு கீறலே அதற்குப் போதுமான வாயில். அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. ஆதலால் எச்சில் ஒழுக்கும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடக்கூடாது. விட்டிருந்தால், அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் கூறும் தவணைகளில் ஒன்றையும் தவறவிடாமல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கன்று ஈன்ற மாட்டின் விழாத நஞ்சுக்கொடியைக் கையால் இழுப்பதும் இத்தகையதே: பசுவின் கருப்பை கிழிந்து சீழ்பிடிக்கலாம் என்பதோடு, கருச்சிதைவு நோயான புரூசெல்லோசிஸ் இழுப்பவருக்கும் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும் மூட்டுவலியாகவும் நீண்ட காலம் வருத்தலாம்.

மூங்கில் குழாய் வழியே எண்ணெயையோ கஷாயத்தையோ புகட்டும்போது, தலையை அளவுக்கு மீறி உயர்த்தி நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தால், மருந்து மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியில் முடியும். மாடு இருமத் தொடங்கிய கணமே தலையை விட்டுவிட வேண்டும். நோய் தீர்வதற்காகச் சூடு போடும் வழக்கம் புண்ணையும் புழுவையும் தவிர வேறெதையும் தருவதில்லை. கைவைத்து ஆற்றல் செலுத்துவதாகக் கூறும் ரெய்கி போன்ற முறைகள் செல்லப்பிராணிகளுக்கு அமைதி தரக்கூடுமேயன்றி, நோயைத் தீர்க்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. பார்வோ கிருமி தாக்கி இரத்தக் கழிச்சலால் நீரிழக்கும் நாய்க்குட்டிக்கு அவற்றில் கழிக்கும் ஒரு நாள் உயிரின் விலையாகிவிடும்.

சிகிச்சை அளிக்கத் தகுதியுடையவர் யார் என்பதை 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் வரையறுக்கிறது. அதன் 30-ஆம் பிரிவின்படி, பதிவுபெற்ற கால்நடை மருத்துவரே மருத்துவம் செய்யலாம். உரிய சான்றிதழ் பெற்ற பணியாளர்கள், அத்தகைய மருத்துவரின் மேற்பார்வையில், சிறு சேவைகளை மட்டும் செய்யலாம். இது வெறும் சம்பிரதாயம் அன்று. பால் காய்ச்சலுக்கு இரத்தநாளத்தில் ஏற்றும் சுண்ணாம்புச்சத்து மருந்து, வேகமாகச் செலுத்தப்பட்டால் இதயத்தையே நிறுத்திவிடும் என்பதால், வீடு தேடி வந்து ஊசி போடுபவரிடம் பதிவு எண்ணைக் கேட்பதும், போட்ட மருந்தின் பெயரை எழுதி வாங்குவதும் உரிமையாளரின் உரிமை. 2006-ஆம் ஆண்டு முதல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடைசெய்யப்பட்டுள்ள டைக்ளோபினாக் வலிமருந்து போடப்பட்ட மாடு இறந்தால், அதைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிவதால், மருந்தின் பெயரை அறிவது அந்த மாட்டோடு நின்றுவிடும் செய்தியும் அன்று.

கட்டணம் பெற்றுக்கொண்டு அளித்த சிகிச்சையில் அலட்சியம் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். மருத்துவரின் நடத்தை குறித்து மாநிலக் கால்நடை மருத்துவக் கழகத்திடம் புகார் அளிக்கலாம். மருந்துச் சீட்டு, ரசீது, தேதியுடன் கூடிய ஒளிப்படங்கள், இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவை இல்லாமல் எந்த முறையீடும் நிற்பது கடினம். காப்பீடு செய்த மாடு இறந்தால், காதுத் தோட்டை அகற்றாமலும், நிறுவனத்துக்குத் தெரிவித்து மருத்துவர் பார்க்கும்முன் புதைக்காமலும் இருக்க வேண்டும்.

நோயுற்ற விலங்கைக் கைவிடுவதும், பட்டினி போடுவதும் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றங்களாயினும், முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே என்பது வெட்கத்துக்குரிய நிலை. இப்பிரிவின் குற்றங்களில் பெரும்பாலானவை காவல்துறை நேரடியாகக் கைதுசெய்ய இயலாத வகையைச் சேர்ந்தவை. அதோடு, குற்றம் நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குப் பின் வழக்குத் தொடர முடியாது என்று அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவு கூறுவதால், புகாரைத் தள்ளிப்போடக் கூடாது. விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரியவை. துன்புறும் விலங்கைச் சிகிச்சை இல்லத்துக்கு அனுப்ப நீதித்துறை நடுவர் ஆணையிடலாம் என்றும், அதற்கான செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்றும் வதைத் தடுப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு வழிசெய்துள்ளது. படுத்துவிட்ட மாட்டை வண்டியிலேற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாத நிலையில், 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம்; அழைப்பவர் மாடு ஈன்ற நாள், கடைசியாகத் தீவனம் எடுத்த நேரம், சாணமும் சிறுநீரும் கழித்ததா என்ற விவரம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருந்தால் சிகிச்சை விரைந்து தொடங்கும்.