வீட்டுக்குள் ஒரு பவளக் கடல்

பொங்கல் விருந்துக்கு நம் இல்லம் வந்திருந்த சங்க அன்பர்கள் பலர், இலை போட்டாகிவிட்டது என்று இருமுறை அழைத்த பின்னும் கூடத்தை விட்டு அகலவில்லை. அங்கே ஆறடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியில், நீல ஒளியின் கீழ், கோமாளி மீன்கள் இரண்டு நீந்திக்கொண்டிருந்தன. கடற்கரை எதுவும் எட்டாத தில்லியில், மூன்றாம் மாடியில், கடல்நீர் அலைவதைக் கண்டால் வியப்பு எழுவது இயல்பே. என்ன செலவாயிற்று என்றும், எங்கே வாங்கினீர்கள் என்றும் எல்லோரும் வினவினர். எத்தனை மாதம் பொறுத்திருந்தீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நம்மைப் போல் அவசரப்பட்டு எவரும் இழப்புக்கு ஆளாகக் கூடாது என்பதாலேயே இதனை எழுதலானோம்.

முதலில் பாரம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 680 லிட்டர். கண்ணாடி, கல், மணல், கீழே வைக்கும் வடிதொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். குடியிருப்பு வீடுகளின் தளமோ, பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற அளவில் கணக்கிடப்படுவது. நமது தொட்டி அமர்ந்திருக்கும் இடம் ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே கட்டட எஞ்ஜினியர் ஒருவரை அழைத்துக் காட்டி, உத்திரம் செல்லும் சுவரோரமாக இடம் குறித்துக்கொண்ட பிறகே கண்ணாடிக்குச் சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் குடியிருப்போர் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் பெற்றுக்கொள்வது நலம்.

அடுத்தது நீர். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. கடலில் சோடியம் குளோரைடுடன் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியனவும் கலந்திருக்கின்றன. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது அந்தக் கால்சியத்தைக் கொண்டுதான். லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் அது இருத்தல் வேண்டும். இவையெல்லாம் அளவாகச் சேர்ந்த தொட்டி உப்பு கடைகளில் கிடைக்கிறது. லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று மேல் என்ற கணக்கில் 600 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 22 கிலோ பிடிக்கும். கரைக்கும் நீர் எந்தக் கலப்பும் அற்றதாக இருக்க வேண்டும். தில்லியின் குழாய்க் கிணற்று நீரை இதற்கு நினைக்கவே வேண்டாம். குடிநீருக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரமும் போதாது, அதற்குப் பின் டி.ஐ. என்னும் பிசின் வடிகட்டி ஒன்றைச் சேர்த்து, அளவுகருவியில் பூஜ்யம் காட்டும் வரை வடிக்க வேண்டும். இதில் ஒரு பங்கு நல்ல நீருக்கு இரண்டு மூன்று பங்கு நீர் கழிந்துபோகும். அதனைப் பீப்பாயில் பிடித்துத் தரை துடைக்கவும் துணி அலசவும் பயன்படுத்துகிறோம். இல்லாவிடில் தண்ணீர்ப் பஞ்சம் மிக்க இவ்வூரில் நமக்கே மனச்சாட்சி உறுத்தும்.

இனி, நாம் செய்த பிழைக்கு வருவோம். தொட்டியில் நீர் நிரப்பிய பன்னிரண்டாம் நாள், கடைக்காரர் ஒரு சிறு புட்டியைக் கொடுத்து, இதை ஊற்றிவிட்டால் அன்றே மீன் விடலாம் என்றார். நாமும் ஏழு மீன்களை வாங்கி விட்டோம். நான்கு நாட்களில் ஏழும் மடிந்தன. நம் எட்டு வயது மகள் ஒவ்வொரு காலையும் பள்ளிக்குப் புறப்படுமுன் எண்ணிப் பார்ப்பாள். ஐந்தாம் நாள் தொட்டியின் பக்கமே வரவில்லை.

நடந்தது இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா பிறக்கிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதன் தீங்கு மிகக் குறைவு. இந்த நுண்ணுயிர்கள் கல்லின் துளைகளிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் கூடாது. சிறிதளவு அம்மோனியம் குளோரைடையோ, ஓர் இறாலையோ இட்டு அந்த உயிர்களுக்கு உணவளித்து, சோதனைக் கருவியால் நாள்தோறும் அளந்து வர வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய பின்னரே முதல் மீன். புட்டியில் வரும் நுண்ணுயிர் இதற்குத் துணை செய்யலாம். நாட்களைச் சற்றுக் குறைக்கவும் கூடும். ஆயினும் அளந்து பாராமல் அதை நம்பி மீன் விட்டது நம் குற்றமேயன்றிக் கடைக்காரருடையது மட்டுமன்று. இரண்டாம் முறை மூன்று மாதம் காத்திருந்தோம். மகளே குறிப்பேட்டில் அளவுகளை எழுதி வந்தாள்.

நீரோட்டத்துக்கு அலைப் பம்புகள், அழுக்கை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் ஸ்கிம்மர், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றை அவரவர் கைவசத்துக்கு ஏற்ப வாங்கலாம். ஒன்றில் மட்டும் சிக்கனம் உதவாது. தில்லியின் மே மாத வெயிலில் தொட்டி நீர் சூடேறுவதைத் தடுக்கச் சில்லர் கட்டாயம் தேவை. ஜனவரிக் குளிருக்கு ஹீட்டர் வேண்டும். நீர் 25, 26 டிகிரியில் நிலைத்திருப்பது நன்று. மின்சாரம் நின்றால் நீரோட்டம் நின்று, மீன்கள் மூச்சுத் திணறும். ஒரு பம்பையாவது இன்வர்ட்டரில் இணைத்து வையுங்கள். ஈரமும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், கசிவு கண்டால் தானே துண்டிக்கும் சுவிட்சையும் பொருத்துங்கள்.

பவளம் பற்றிச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தோம். 2019-ஆம் ஆண்டு, தொட்டி தேறிய மகிழ்ச்சியில், கிளை கிளையாய் வளர்ந்த கற்பவளம் ஒன்றுக்கு ஒரு வியாபாரியிடம் முன்பணம் கொடுத்திருந்தோம். அச்சமயம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். பிறந்தது முதல் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்திலேயே வாழ்ந்தவர். வியாபாரி கைப்பேசியில் அனுப்பிய படத்தைக் காட்டினோம். கூர்ந்து பார்த்துவிட்டு, “இது நம்ம கடல் கல் அல்லவா, தம்பி? வண்டி வண்டியாக இதைக் கொண்டுவந்து காளவாயில் போட்டுச் சுண்ணாம்பு சுட்டதை நான் பார்த்திருக்கிறேன். இதைப் பெயர்த்தெடுத்து இத்தனை தூரம் கொண்டுவந்து நீ பிழைக்க வைக்கப் போகிறாயா?” என்றார்.

அம்மா கூறியது மிகையன்று. மன்னார் வளைகுடாவில் பவளக் கற்களைச் சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தனர். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளை 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பின்னும் அது முற்றாக நிற்கவில்லை. 2005 வாக்கில்தான் ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் கடலுள் அமிழ்ந்துவிட்டன. எஞ்சிய பவளங்களுக்கு வந்த துன்பம் வெப்பம். பவளப்பூச்சியின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து அதற்கு உணவளிக்கிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பாசி வெளியேற, பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். 2016-இல் மன்னார் வளைகுடாவில் அவ்வாறு வெளுத்தவை பல, மீளவேயில்லை.

முன்பணத்தை விட்டுவிட்டோம். பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவளங்களும், கடல் விசிறியும், கடற்குதிரையும், கடல் அட்டையும் 2001-இலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. நம் கடலில் அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்கி வைத்திருப்பதும் குற்றம். புலியைக் காக்கும் அட்டவணையும் இதுவே. கரையொதுங்கிய கல்தானே என்ற சமாதானம் செல்லாது. வெளிநாட்டில் வளர்த்த கற்பவளம் என்று சொல்லி விற்பவரும் உண்டு. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கினங்களை வைத்திருப்போர் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்தாக வேண்டும். கற்பவளமும் அப்பட்டியலில் உண்டு. இறக்குமதிப் பத்திரமின்றி ஒன்றையும் தொடாதீர்கள்.

பின் தொட்டியில் என்னதான் வைத்திருக்கிறோம்? செயற்கைக் கல்லும், அட்டவணையில் சேராத மென்பவளங்களும் வைத்திருக்கிறோம். தோல்போன்ற மென்பவளம் ஒன்றை, தம் தொட்டியில் வளர்ந்ததிலிருந்து நறுக்கி நண்பர் ஒருவர் தந்தார். விரல் நீளமாக வந்தது இன்று உள்ளங்கை அகலம். பொத்தான் போன்ற பவளம் சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு. வெறுங்கையால் தொடலாகாது, அது ஒட்டியிருக்கும் கல்லின் மீது வெந்நீர் ஊற்றவே கூடாது, ஆவியே ஆளை வீழ்த்திவிடும். மீன்களில், பண்ணையில் பொரித்தவற்றையே தேர்ந்துகொண்டோம். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்யும் முறையை வகுத்திருக்கிறார்கள். இம்மீன்கள் யாவும் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் தலைமை பெறுவது பெண்ணாக மாறிவிடுகிறது. இதைக் கேட்ட நம் இல்லத்தரசியார் புன்னகைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

பிறவூரில் வாழும் நம்மவர்க்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஆண்டுக்கொரு முறை ஊர்ப் பயணம். நாம் இல்லாத மூன்று வாரமும் அடுத்த வீட்டுப் பஞ்சாபி நண்பர் அன்போடு தொட்டியைப் பார்த்துக்கொண்டார். நீர்மட்டம் குறையக் கண்டு, கடல் தொட்டிக்குக் கடல்நீர்தானே வேண்டுமென்று, நாம் கரைத்து வைத்திருந்த உப்பு நீரையே ஊற்றியிருக்கிறார். ஆவியாவது நீர் மட்டும். உப்பு அங்கேயே தங்கும். ஆகவே குறையும் அளவுக்கு நல்ல நீரையே ஊற்ற வேண்டும். திரும்பி வந்து பார்த்தபோது 1.025 இருக்க வேண்டிய அடர்த்தி 1.032-ஐத் தொட்டிருந்தது, இறால் இரண்டும் போய்விட்டன. அவர் மீது பிழையில்லை. எந்தப் பீப்பாயில் எந்த நீர் என்று நாம் எழுதி ஒட்டவில்லை.

இப்போது ஒட்டியிருக்கிறோம், இந்தியிலும் தமிழிலும். ஆயினும் மனம் கேட்பதில்லை. இல்லத்தரசியாரும் மகளும் மே மாதத் தொடக்கத்தில் புறப்படுவர். அவர்கள் திரும்பி வந்து தொட்டியை ஏற்றுக்கொண்ட பின்னரே நாம் ரயிலேறுவோம். பெற்றவளைப் பார்க்க வருவதற்கும் மீனிடம் முறை கேட்டுத்தான் வர வேண்டுமா என்று அம்மா ஒவ்வோராண்டும் கேட்கிறார்.