ஒன்பது விசை போதும்

நங்கநல்லூரில் காலை நேரத்துச் சிற்றுண்டிக் கடையின் பில் கவுண்டரைக் கவனித்திருப்பீர்கள். "ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பில் கிழிந்து கைக்கு வந்துவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவர் எழுத்து எதையும் தட்டுவதில்லை. இட்லிக்கு ஒரு விசை, வடைக்கு ஒரு விசை, காபிக்கு ஒரு விசை. பெயர், விலை, வரி எல்லாம் அந்தந்த விசைக்குப் பின்னால் முன்பே பதிந்து வைத்தவை.

அதே தெருவில் வீட்டின் முன்னறையை அலுவலகமாக்கிக்கொண்ட கணக்காளர் ஒருவர் இருப்பார். மாதம் பிறந்தால் 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ம் தேதிக்குள் 3பி என்று ஜி.எஸ்.டி. வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்ய அவருக்குக் கெடு. அவர் முன்னால் 104 விசை கொண்ட கீபோர்டு இருக்கிறது. டேலி கணக்கு மென்பொருளில் எஃப்5 தட்டினால் பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். கை தானாகப் போகும். ஆனால் அதே எஃப்5-ஐ இணையப் பக்கத்தில் தட்டிவிட்டால் பக்கம் புதிதாக ஏறும். பாதி நிரப்பிய படிவம் காணாமல் போகலாம். விசைக்கு வேலை கொடுப்பது அந்தந்த மென்பொருள்தான். அவருக்கென்று, அவர் வேலைக்கென்று ஒதுக்கிய விசை அந்த 104-ல் ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் மேக்ரோ கீபேட். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பலகை. மூன்று விசை முதல் பதினைந்து விசை வரை இருக்கும். யு.எஸ்.பி. வயரைச் செருகினால் போதும். பழைய கீபோர்டை எடுக்க வேண்டாம்; அதற்குப் பக்கத்திலேயே இதுவும் இன்னொரு கீபோர்டாகச் சேர்ந்துகொள்ளும். எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்லி வைக்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

விசைத் தொப்பியைக் கழற்றினால் கீழே ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி தெரியும். அதற்குள் ஒரு ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடுகள். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் பரப்பிய அமைப்பு இது. விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் கீழிறங்கும். ஏறக்குறைய பாதி வழியிலேயே தகடுகள் தொட்டுக்கொள்ளும். சென்னை நிறுவனமான டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸின் 'கோல்டு' கீபோர்டை அலுவலகங்களில் பார்த்தவர்களுக்கு, தட்டும்போதெல்லாம் 'டிக் டிக்' என்ற அந்தச் சத்தம் நினைவிருக்கும். பழைய கோல்டில் இருந்தவை செர்ரியின் நீல விசைகள்.

உலோகத் தகடுகள் ஒரே தொடுதலில் நிற்பதில்லை. சில மில்லிநொடிகள் துள்ளித் துள்ளித் தொடும். அத்தனையையும் எண்ணினால் ஒரு தட்டுக்கு ஐந்து எழுத்து விழும். அதனால் உள்ளே இருக்கும் சில்லு, முதல் தொடுதல் வந்ததும் ஏறத்தாழ 5 மில்லிநொடி பொறுத்து, துள்ளல் அடங்கியதா என்று பார்த்த பிறகே 'ஒரு முறை தட்டினார்' என்று கணக்கில் எடுக்கும்.

பிறகு கணினிக்குச் சேதி போகிறது. அந்தச் சேதியில் எழுத்து இல்லை, எண்தான் இருக்கிறது. யு.எஸ்.பி. கீபோர்டுகளுக்கான பொது விதிப்படி ஆங்கில 'ஏ' இருக்கும் விசைக்கு எண் 4, 'சி'க்கு 6. கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்றவற்றுக்குத் தனி இடம். நகலெடுக்க நாம் இரண்டு விரலால் அழுத்தும் கன்ட்ரோல்-சி, கணினியிடம் 'கன்ட்ரோல், 6' என்றும், அடுத்த கணம் 'எல்லா விசையும் விட்டாயிற்று' என்றும் குறைந்தது இரண்டு சேதிகளாகப் போகிறது. மேக்ரோ பேட் இதே சேதிகளை வரிசையாகச் சேமித்து வைத்து, ஒரு தட்டுக்கு முழு வரிசையையும் அனுப்புகிறது. தட்டியது விரலா, சில்லா என்று கணினிக்குத் தெரியாது.

தமிழுக்கு ஒரு சிக்கல்

போவது எண் என்பதால் தமிழில் தட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண் 4 வந்தால் ஆங்கில அமைப்பில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து விழும். தமிழ்99 அமைப்பில் 'அ'. பழைய தட்டச்சு அமைப்பில் 'ய'. ஆக, பேடில் ஆங்கில முகவரி ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு, கணினி தமிழில் இருக்கும்போது தட்டினால் பொருளில்லாத தமிழ் எழுத்துகள் கொட்டும்.

இதற்கு வழி, பேடில் எழுத்தையே ஏற்றாமல் விடுவது. நம் கீபோர்டில் எஃப்12-உடன் நின்றுவிடும் வரிசை, விதிப் புத்தகத்தில் எஃப்24 வரை நீள்கிறது. ஐ.பி.எம்.மின் பழைய பெருங்கணினி முனையங்களில் 24 செயல்விசைகள் இருந்தன. இன்றைய கீபோர்டுகளில் அந்தக் கூடுதல் விசைகள் இல்லை என்பதால் எஃப்13 முதல் எஃப்24 வரை பெரும்பாலும் எந்த மென்பொருளும் பயன்படுத்தாமல் சும்மா கிடக்கின்றன. பேட் வெறும் எஃப்13 என்று அனுப்பட்டும். 'எஃப்13 வந்தால் இந்தத் தமிழ்ப் பத்தியை ஒட்டு' என்பதைக் கணினியில் ஆட்டோஹாட்கீ போன்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். யூனிகோடில் எழுதிய தமிழ், எந்த அமைப்பில் இருந்தாலும் அப்படியே விழும்.

சொல்லப்போனால் விசையை மிச்சம் பிடிக்கும் யோசனை தமிழ் கீபோர்டுக்குப் புதிதல்ல. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில் புள்ளி பல இடங்களில் தானாக விழும். 'நங்கநல்லூர்' என்று அடிக்க ந, ங, க, ந, ல, ல, ஊ, ர, புள்ளி என்று ஒன்பது தட்டு போதும். ங-வை அடுத்து க வந்தாலும், ல-வை அடுத்து ல வந்தாலும் முதல் எழுத்துக்கு அமைப்பே புள்ளி வைத்துவிடுகிறது. ஒரு சொல்லில் இரண்டு தட்டு மிச்சம்.

எத்தனை நொடி மிச்சம்?

கணினி வேலைக்கு ஆகும் நேரத்தை அளக்க 1980-ல் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் ஒரு கணக்கு வகுத்தார்கள். ஓரளவு தேர்ந்தவர் ஒரு விசை தட்ட 0.2 நொடி. மவுஸைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் நிறுத்த 1.1 நொடி. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை மாற 0.4 நொடி. 'அடுத்து என்ன?' என்று மனம் தயாராக 1.35 நொடி.

இந்தக் கணக்கை எக்ஸெலில் போட்டுப் பார்க்கலாம். சூத்திரத்தை விட்டு மதிப்பை மட்டும் ஒட்டும் வேலை கணக்காளருக்கு ஓயாத வேலை. மவுஸில் செய்தால் கை மாற 0.4, நகர்த்த 1.1, வலது கிளிக் 0.2, மெனுவில் நகர்த்த 1.1, கிளிக் 0.2, கை திரும்ப 0.4. மொத்தம் 3.4 நொடி. பேடுக்குக் கை போய்த் தட்டித் திரும்ப ஒரு நொடி. நாளில் நூறு முறை செய்தால் மிச்சம் நான்கு நிமிடம். அவ்வளவுதான். இதே வேலைக்குக் கன்ட்ரோல்-ஆல்ட்-வி, வி, என்டர் என்ற ஐந்து தட்டு மனப்பாடமாக இருப்பவருக்கு அதுவும் ஒரு நொடிதான். நேரக் கணக்கில் அவருக்குப் பேடால் லாபமே இல்லை.

லாபம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, மனப்பாடம் ஆகாத நீளமான கோவைகள். ஜி.எஸ்.டி. எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கி, பான் எண்ணின் பத்து எழுத்துகள் சேர்ந்து, சோதனை எழுத்தோடு முடியும் 15 இலக்கம். தொடர்பில்லாத எழுத்துகளுக்கு அதே 1980 கணக்கு ஒரு தட்டுக்கு அரை நொடி வைக்கிறது. ஏழரை நொடி ஆகும், தப்பும் வரும். பேடில் ஒரே தட்டு, தப்பு கிடையாது. இரண்டாவது, அந்த 1.35 நொடி. எந்த மெனு, எத்தனையாவது வரி என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பது நின்றுபோகும். விரல் இடத்தை அறிந்துவிட்டால் மனம் கணக்கிலேயே இருக்கும்.

அதனால்தான் விசைகள் குறைவாக இருக்க வேண்டும். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்றால் மூன்று விரலுக்கு மூன்று நிரல், பார்க்காமலே பிடிபடும். ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் மற்ற விசைகளுக்கு வேறு வேலை வருமாறு அடுக்கடுக்காகவும் அமைக்கலாம். மூன்று அடுக்கு வைத்து நிறைய வேலை ஏற்றியவர் 'இது எந்த அடுக்கு?' என்று யோசிக்கத் தொடங்குவார். மிச்சம் பிடித்த 1.35 நொடி அங்கே திரும்ப வந்துவிடும்.

பேடை இடப்பக்கம் வைப்பதற்கும் காரணம் உண்டு; வலக்கை மவுஸிலேயே இருக்கலாம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை உலகுக்குக் காட்டியபோது, வலக்கையில் மவுஸும் இடக்கைக்கு ஐந்து விசைப் பலகை ஒன்றும் வைத்திருந்தார். விசைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் 31 விதம். மவுஸ் உலகெங்கும் போனது. அந்தச் சேர்க்கைகளை மனப்பாடம் செய்யப் பெரும்பாலோர் தயாராக இல்லாததால் ஐந்து விசைப் பலகை நின்றுபோனது.

கண் இல்லாத கருவி

பேட் திரையைப் பார்க்காது. டேலிக்கென்று ஏற்றிய வரிசையை, வாட்ஸ்அப் சாளரம் மேலே இருக்கும்போது தட்டினால் அங்கேயே போய் விழும். பக்கம் ஏற நேரமானால் பாதித் தட்டுகள் காற்றில் போகும். நடுவில் 50, 100 மில்லிநொடி இடைவெளி விட்டு ஏற்ற வேண்டும். கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருந்தால் பெரிய எழுத்து சிறியதாகும். ஆகவே திரும்பப் பெற முடியாத வேலைகளைப் பேடில் ஏற்றாதீர்கள். டேலியில் வவுச்சரை அழிக்கும் ஆல்ட்-டி, படிவத்தைச் சமர்ப்பிக்கும் கடைசி என்டர் ஆகியவை மனிதர் பார்த்துத் தட்ட வேண்டியவை.

கடவுச்சொல்லையும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் பின் எண்ணையும் ஏற்றக் கூடாது. பேடைத் தட்டுகிற யாருக்கும் அது அப்படியே கிடைக்கும். கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு வரும் எதையும் கணினி நம்பிவிடுகிறது. இந்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்த முடியும் என்று 2014-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோலும் யாக்கோப் லெல்லும் காட்டினார்கள். அலுவலகக் கணினியில் செருகுவதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்குவதா, செய்வதா?

மூன்று விசையும் ஒரு திருகு குமிழும் கொண்ட மலிவான பேடுகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. 2017-ல் எல்காட்டோ கொண்டுவந்த ஸ்ட்ரீம் டெக்கில் 15 விசை. ஒவ்வொன்றிலும் குட்டித் திரை. அதை இயக்க அதன் சொந்த மென்பொருள் வேண்டும்.

கையால் செய்வதும் சிரமமில்லை. 2021 ஜனவரியில் நான்கு டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ பலகையில் பயன்படுத்தக் கூடிய கால்கள் 26. ஒன்பது விசைக்கு ஒன்பது கால். விசையின் மறுமுனைகள் எல்லாம் கிரவுண்டில். அவ்வளவுதான் சால்டரிங். இதில் சர்க்யூட்பைத்தான் என்ற மென்பொருளை ஏற்றினால் பலகை கணினியில் ஒரு டிரைவாகத் திறக்கும். உள்ளே உள்ள கோப்பைத் திருத்திச் சேமித்தால் அடுத்த நொடி புது வேலை. பிகோவும் விசைகளும் தேட, சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு போகலாம். நங்கநல்லூர் சாலை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடும் தூரம்.

வாங்கும் முன் மேஜையில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். ஒரே வேலையைத் திரும்பச் செய்யும்போதெல்லாம் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு. வாரக் கடைசியில் அதிகக் கோடு விழுந்த மூன்றை மட்டும் ஏற்றுங்கள். அவை கைக்குப் பழகிய பிறகு அடுத்தது. ஒரு மாதமாகத் தொடாத விசையில் இருப்பதை அழித்துவிடுங்கள். காகிதத்தில் எதற்குமே கோடுகள் பெருகவில்லை என்றால் உங்களுக்குப் பேட் வேண்டியதில்லை. டேலியும் எக்ஸெலும் முன்பே கொடுத்திருக்கும் குறுக்குவிசைகளில் நான்கைக் கற்றுக்கொண்டாலே அந்த வேலை நடக்கும், அதற்குச் செலவும் கிடையாது.