ஒருவர் கண்ட பக்குவம்... உலகத்துக்கே உதவி!

எங்கள் பொன்னமராவதிப் பக்கத்து விருந்துகளில் வெள்ளைப் பணியாரத்துக்குத் தனி இடம் உண்டு. பச்சரிசியும் உளுந்தும்தான் முக்கியப் பொருள்கள். ஆனால் அளவில்தான் சூட்சுமம்! அரிசியைத் தலைதட்டி அளந்து, அதே உழக்கில் அரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். அந்த அளவு உளுந்து போதும். யாரோ ஓர் ஆச்சி பலமுறை செய்து பார்த்துக் கண்ட பக்குவம் இது. அவர் மற்றவர்களுக்குச் சொன்னதால், இன்று எல்லா வீட்டிலும் பணியாரம் பூப்போல வருகிறது.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படிப் பக்குவம் சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

லினக்ஸ் தெரியுமா?

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் உங்களுக்குத் தெரிந்ததே. இன்னொன்று லினக்ஸ். 1991-ல் பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21! லினக்ஸை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தியும் அமைக்கலாம். சென்னையில் உள்ள சி-டாக் மையம் அப்படி உருவாக்கியதுதான் 'பாஸ்' லினக்ஸ். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இதுவும் இடம்பெற்றது. உங்கள் அண்ணன், அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்!

2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றைக் குப்பையில் போட வேண்டுமா? வேண்டாம், லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு சிக்கல். விண்டோஸுக்காக எழுதிய மென்பொருள் லினக்ஸில் அப்படியே ஓடாது.

ஏன் ஓடாது?

ஒரு மென்பொருள் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. "இந்தப் படத்தைத் திரையில் காட்டு", "இந்தக் கோப்பைச் சேமி" என்று இயங்குதளத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸ் மென்பொருள் விண்டோஸின் மொழியில் கேட்கும். லினக்ஸுக்கு அது புரியாது.

இதற்காக 1993-ல் பிறந்ததுதான் 'வைன்'. விண்டோஸ் மொழியில் வரும் கேள்விகளைப் புரிந்துகொண்டு, லினக்ஸைக் கொண்டு அந்த வேலையை முடித்துத் தரும். 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார்ட் என்பவர் இந்தப் பணிக்குத் தலைமை ஏற்றார். இதன் 1.0 பதிப்பு எப்போது வந்தது தெரியுமா? 2008 ஜூன் மாதத்தில். பதினைந்து ஆண்டு உழைப்பு!

கூடிச் செய்த கருவி

வைன் வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. ஒரு மென்பொருளுக்கு வைனின் பழைய பதிப்புதான் ஒத்துவரும். இன்னொன்றுக்குக் கூடுதல் எழுத்துருக்கள் வேண்டும். ஒருவர் இரவெல்லாம் விழித்து வழி கண்டுபிடிப்பார். அடுத்த ஊரில் இன்னொருவர் அதே பாடுபடுவார்.

'கண்ட வழியை எழுதி வைத்தால் என்ன?' இந்த எண்ணத்தில் உருவானவைதான் நிறுவும் கருவிகள். 2007-ல் குவென்டின் பாரிஸ் என்பவர் தொடங்கிய 'பிளேஆன்லினக்ஸ்' அவற்றில் ஒன்று. 'லூட்ரிஸ்', 'பாட்டில்ஸ்' போன்றவை பின்னர் வந்தன.

இவற்றில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு செய்முறைக் குறிப்பு இருக்கும். நாம் பொத்தானை அழுத்தினால், கருவி அந்தக் குறிப்பைப் படித்து, முதலில் தனியாக ஓர் அறை ஒதுக்கும். அடுத்துப் பொருத்தமான வைன் பதிப்பையும், தேவையான துணைக் கோப்புகளையும் அதில் வைக்கும். பிறகு மென்பொருளை நிறுவும். தனித்தனி அறை என்பதால், ஒன்று கெட்டாலும் மற்றொன்று கெடாது. குறிப்புகளைப் பயனாளர்களே எழுதிச் சேர்க்கிறார்கள்.

வைன் பயனாளர்கள் மென்பொருள்களுக்கு மதிப்பெண்ணும் போட்டு வைத்திருக்கிறார்கள்: பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம். சரியாக ஓடாததற்கு 'குப்பை'! சிரிக்காதீர்கள். "இது ஓடவில்லை" என்று ஒருவர் உண்மையாக எழுதி வைத்தால், பலருடைய நேரம் மிச்சமாகிறது. எங்கே திருத்த வேண்டும் என்பதும் வைனை உருவாக்குபவர்களுக்குத் தெரிகிறது.

கவனம் தேவை!

எல்லா மென்பொருளும் இப்படி ஓடிவிடாது. விண்டோஸ் வைரஸ்கள் சிலவும் வைன் வழியே நுழையலாம். எனவே நம்பகமான இடத்திலிருந்தே மென்பொருளை எடுங்கள். லினக்ஸ் இலவசம் என்பதற்காக, விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவது தவறு.

நீங்கள் என்ன செய்யலாம்?

நிரல் எழுதத் தெரிந்தால்தான் உதவ முடியும் என்பதில்லை. உங்கள் பள்ளியின் பழைய கம்ப்யூட்டரில் ஆசிரியர் துணையோடு ஒரு மென்பொருளை நிறுவிப் பாருங்கள். எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், எங்கே நின்றது, எப்படிச் சரியானது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். தோற்றுப்போனதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்த ஆண்டு அதே கம்ப்யூட்டர் முன் வந்து உட்காரும் தம்பி, தங்கைக்கு அந்த நோட்டைவிடப் பெரிய பரிசு வேறில்லை!