ஒரு கப் பழத்தில் எவ்வளவு காற்று?

மாடி வீட்டு அக்கா கையில் செல்போனோடு இறங்கி வந்தார். வாழைப்பழ கேக் செய்யப் போகிறாராம். "ஒன்றரை கப் வாழைப்பழம்னு போட்டிருக்கு. கடைக்காரன் கிலோ கணக்கில்தானே தருவான், எவ்வளவு வாங்க?" என்றார். டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "நறுக்கினதா, மசிச்சதா?"

வில்லை வில்லையாக நறுக்கிய வாழைப்பழம் ஒரு கப் சுமார் 150 கிராம். அதே கப்பை மசித்த பழத்தால் நிரப்பினால் 225 கிராம். வில்லைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த காற்று போய்விட்டது, வேறொன்றுமில்லை.

பள்ளிக்கூட வாசலில் இலந்தைப்பழம் ஆழாக்கில் அளப்பார்கள். ஒரு குலுக்குக் குலுக்கினால் இன்னும் நாலு பழம் பிடிக்கும். அதனாலேயே கூடைக்காரம்மா குலுக்க மாட்டார். எவ்வளவுதான் குலுக்கினாலும் ஒரே அளவு உருண்டைகள் பாத்திரத்தில் ஏறக்குறைய 64 சதவீத இடத்தைத்தான் அடைக்கும் என்பது கணக்கு. ஸ்ட்ராபெரியைப் பாருங்கள்: முழுப் பழமாக ஒரு கப் 144 கிராம், கூழாக 232. வகுத்தால் 62 சதவீதம். உருண்டைகூட இல்லாத பழம் இவ்வளவு கிட்டே வருவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆகவே கூழ் என்றால் கப்புக்கு 230 கிராமை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். துண்டு போட்ட மாம்பழமும் அன்னாசியும் 165. ஆப்பிள் மட்டும் ஒத்துவராது. சீவிய துண்டுகள் 110 கிராம்தான். அதன் சதைக்குள்ளேயே கால் பங்குக்குக் காற்று ஒளிந்திருக்கிறது. தண்ணீரில் போட்டால் மிதப்பதும் அதனால்தான்.

ஜாமுக்குப் 'பழமும் சர்க்கரையும் சரிக்குச் சரி' என்பார்கள். அது எடைக் கணக்கு. கப்புக்குக் கப் போட்டால் சர்க்கரை 200 கிராம்தான் வரும்; கூழ் 230. ஜாம் இறுகாமல் தளர்ந்தால் அடுப்பைத் திட்டிப் பயனில்லை.

கடைக்குப் போகும்போது தோலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாழைப்பழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே தோல். அன்னாசியில் கொண்டை, தோல், நடுத்தண்டு எல்லாம் போனால் பாதி மிஞ்சும்.

அக்கா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கீழே, சின்ன எழுத்தில், 'மசித்தது'. அப்படியென்றால் 340 கிராம் சதை. தோலோடு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

"எங்கிட்ட அளவு கப்பே இல்லையே, டம்ளர்தான்."

காலியான டீ டம்ளரைக் கழுவி எடை மெஷினில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் எத்தனை கிராமோ அத்தனை மில்லி: 180. குறிப்பில் இருந்தது 240 மில்லி கப். ஒன்றரை கப் என்றால் 360.

"ரெண்டு டம்ளர்," என்றார் அக்கா. டம்ளரையும் எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டார்.