காறிய எண்ணெயும் சர்க்கரை நோயாளியின் ரத்தமும்

கடலை எண்ணெய் டின் திறந்தபடியே நாள்பட்டுக் கிடந்தால் காறல் வாடை அடிக்கும். நம் மூக்குக்கு இது பழகிய விஷயம். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எண்ணெயின் கொழுப்பைத் தாக்கி உடைப்பதுதான் காரணம். அப்படி உடைந்த பொருள்களில் ஒன்றுக்கு மாலோன்டைஆல்டிஹைடு என்று பெயர். உணவு ஆய்வுக்கூடங்களில் தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு காறல்.

இதே சோதனையை மனித ரத்தத்திலும் செய்கிறார்கள் என்றால் நம் வணிகர்களுக்கு வியப்பாக இருக்கும். உடலின் ஒவ்வொரு உயிரணுவைச் சுற்றியும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே நிற்கும்போது 'ஃப்ரீ ராடிக்கல்' எனும் முரட்டு மூலக்கூறுகள் அளவுக்கு மீறி உண்டாகி அந்தச் சவ்வைத் தாக்குகின்றன. இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் மாலோன்டைஆல்டிஹைடு கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. இதைத் தடுக்க உடலே வைத்திருக்கும் குளூட்டாத்தயோன் போன்ற பொருள்கள் பெரும்பாலும் குறைந்திருக்கும். கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக் குழாய் ஆகியவை கெடுவதில் இதற்குப் பங்குண்டு.

காலை முதல் கடை அடைக்கும் வரை கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவர்கள் நாம். சாப்பாட்டுக்கு நேரமில்லை, வருகிற வியாபாரிக்கெல்லாம் டீ சொல்லி, கூடவே நமக்கும் ஒன்று. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. அதில் நம் கடைவீதிக்காரர்கள் குறைவாக இருக்க வழியில்லை.

இப்போது 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று அச்சிட்ட பொடிகளும் மாத்திரைகளும் நம் அலமாரிக்கே வந்துவிட்டன. காறலைத் தடுக்கும் பொருளைத் தின்றால் ரத்தமும் கெடாது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2000-ல் வெளியான 'ஹோப்' ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 55 வயதைக் கடந்த, இதய நோய் ஆபத்து மிகுந்த 9,500-க்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, மீதிப் பேருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. சுமார் நாலரை ஆண்டு கழித்துப் பார்த்தால், மாரடைப்பும் பக்கவாதமும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

ஆகவே "இதைச் சாப்பிட்டால் சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாமா அண்ணாச்சி?" என்று வாடிக்கையாளர் கேட்டால், "கூடவே கூடாது, டாக்டரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிடுவோம். ஒரு டப்பா விற்காமல் போனால் போகட்டும்.

மாலோன்டைஆல்டிஹைடு சோதனைக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஆராய்ச்சிக்கு அது உதவும். ஆனால் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு அதற்கு இல்லை. மருத்துவர் பார்ப்பது எச்.பி.ஏ.ஒன்.சி. என்ற சோதனையை. விரல் நுனியில் குத்திப் பார்ப்பது அன்றைய கல்லா இருப்பு என்றால், இது மூன்று மாதப் பேரேடு. 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்கிறார்கள். சங்கங்கள் மருத்துவ முகாம் நடத்தும்போது விரல்குத்துச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளாமல், இதையும் சேர்க்கும்படி கேட்டு வாங்க வேண்டும்.